வேட்பாளர் வீட்டுப் பாத்திரங்கள்

அன்பு மகள் ஹேவொனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் தொண்டை மட்டும் இன்னும் தேறவில்லை, பேசினால் உமியை மிதித்தது போல் கரகரக்கிறது, அதை உன்னிடம் மறைக்கத்தான் போனில் இரண்டு வாரமாக "உம், உம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ பயப்படாதே. இங்கே வெங்காயம் பிடுங்கி முடியப் போகிறது, சாலை ஓரமெல்லாம் சிவப்பு வலைப்பைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஊரே வெங்காய வாசனை. உலகத்தின் மறுபக்கம், உன் மொந்தேவிதேயோவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். மீன் கிடங்குக்குள் கணக்கு எடுக்கப் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மார்ச் மாதம் கீழ்வீட்டுப் புனிம் பெரியம்மாவுக்கு என்று அனுப்பிய கம்பளிச் சால்வை கிடைத்ததா, கிடைத்திருந்தால் பெரியம்மா ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா என்று கேட்டிருந்தாய். சால்வை வந்தது, நம் அலமாரியில்தான் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் அம்மா அவ்வப்போது வெயிலில் காட்டி எடுத்து வைக்கிறாள். சண்டையும் உண்மைதான். போனில் சொன்னால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்பதால் எழுதுகிறேன்.

மாகாண மன்றத்துக்கு நம் தொகுதியில் கடந்த இரண்டு முறையும் வாக்குப்பதிவே நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே கட்சி என்றால் ஒரே கட்சிதான், அது நிறுத்துகிற ஆளை எதிர்த்து யாரும் நிற்பதில்லை, ஒருவர் மட்டும் நின்றால் ஓட்டுப் போடாமலே அவர் ஜெயித்தவர் ஆகிவிடுகிறார். மற்ற பதவிகளுக்கெல்லாம் வாக்குச்சீட்டு தருவார்கள், இதற்கு மட்டும் தரமாட்டார்கள். நாங்களும் கொடுத்த சீட்டுகளில் குத்திவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். இந்த நிலையில்தான் மேல் ஊரில் அம்மா இருபத்தெட்டு வருடம் நர்சாக வேலை பார்த்த சுகாதார நிலையத்தை மூடப் போவதாகப் பேச்சு வந்தது. அவள் ஓய்வு பெற்றதிலிருந்தே அது வாரத்தில் ஒரு நாள்தான் திறந்திருந்தது. ஜனவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது, "கேக்க ஆள் இல்லைன்னா அவங்க கதவை மூடத்தான் செய்வாங்க. நான் சுயேச்சையா நிக்கப் போறேன். ஜெயிக்கிறேனோ இல்லையோ, சீட்டாவது அச்சடிக்கட்டும்" என்றாள். நான் விளையாட்டு என்று நினைத்து சூப்பைக் குடித்துக்கொண்டே இருந்தேன். "உங்க டிரக்கும் வேணும், அதுல இருக்கிற உரமூட்டையை இறக்கிடுங்க" என்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த மாவட்டத்தில் எத்தனையோ தேர்தல்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் வண்டி ஓட்டியது இல்லை.

கட்சிக்காரருக்குக் கட்சியின் கடிதம் போதும், சுயேச்சையாக நிற்பவர் தொகுதியில் நூறு பேரிடம் கையெழுத்தோ பெயர் செதுக்கிய முத்திரையோ வாங்கித் தர வேண்டும். முதல் முத்திரை புனிம் பெரியம்மாவுடையது. முத்திரையை ஊதி ஊதிக் குத்திவிட்டு, "மீதித் தொண்ணூத்தொம்பதுக்கும் நானும் வர்றேன், நீ தனியாப் போனா எல்லாரும் மாத்திரை குடுக்க வந்திருக்கேன்னு நினைச்சு நாக்கை நீட்டுவாங்க" என்று கிளம்பிவிட்டார். முழங்கால் வலியோடு மேல் ஊர்கள் மூன்றுக்கும் ஏறி இறங்கினார். நீ பிறந்த குளிர்காலத்தில் பிள்ளை பெற்றவளுக்கு என்று கடற்பாசிச் சூப் காய்ச்சிச் சுடச்சுடக் கொண்டுவந்து அம்மாவுக்கு ஊட்டியவர், அன்றிலிருந்து நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பண்டம் நிறைந்த கிண்ணம் போய் வராத வாரம் இல்லை, அதையெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வம்பு அந்தக் கிண்ணத்தில்தான் வந்தது. வேட்பாளர்களுக்கு விதிகளை விளக்கத் தேர்தல் அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வேட்பாளரோ, அவரது கணவனோ மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோ தொகுதியில் யாருக்கும் எந்தப் பொருளும் கொடுக்கக் கூடாது, வாங்கியவர்களும் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டும் என்று அதிகாரி வாசித்தார். அம்மா கையைத் தூக்கி, "ஒரு முள்ளங்கி?" என்று கேட்டாள். "முள்ளங்கியும்தான்." "அவங்க வீட்டுக் கிண்ணத்திலேயே போட்டுக் குடுத்தா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மா, கிண்ணம் யாரோடதுன்னு சட்டம் கேக்கலை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்களோடு சேர்ந்து அதிகம் சிரித்தவர் இன்னொரு சுயேச்சை, பின் ஜாங்சொப் என்பவர். கட்சியில் முன்பு இருந்தவர், இந்த முறை தன்னை நிறுத்தாததால் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர். இரண்டு வாரம் கழித்து அவரே நம் வாசலில் வந்து நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பழக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார், யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள், அலுவலகத்தில் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். "நாலு உருளைக்கிழங்குக்கா! அதுவும் கோலிக்குண்டு மாதிரி இருந்துச்சு! பெரிசா இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதைக் கேட்டு அம்மா பயந்துபோனாள். எங்கள் சமையல்கட்டில் பெரியம்மாவின் கிண்ணம் இருந்தது, நீல விளிம்பு போட்டது, வதக்கிய பெரணித் தளிர் வந்த கிண்ணம். அன்று மாலையே அதைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, அவர் வீட்டு வாசல் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவசரத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு கிண்ணம் காலியாகத் திரும்பினால் இனி இந்த வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே என்றுதான் அர்த்தம். மறுநாள் அம்மா மதில் ஓரம் போய்ச் சட்டத்தைச் சொன்னாள். பெரியம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. எப்போதும் "தங்கச்சி" என்பவர், "வேட்பாளரம்மா" என்று ஆரம்பித்தார். "வேட்பாளரம்மா, சட்டம் எனக்கும் தெரியும், நூறு முத்திரைக்கு நடந்த காலு இது. குடுக்கக் கூடாதுன்னா குடுக்காதே, யாரு கேட்டா? கிண்ணத்தை உன் வீட்டிலேயே போட்டு வச்சிருந்தா நான் என்ன போலீசுக்கா போயிருப்பேன்? காலியா அனுப்பணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?" நீ அனுப்பிய சால்வை அடுத்த வாரம் வந்தது. நீயும் வேட்பாளரின் மகள், அதனால் அதையும் கொடுக்க முடியவில்லை, நீ அனுப்பியிருக்கிறாய் என்று சொல்லவும் அம்மாவுக்கு வாய் எழவில்லை, சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருப்பதை நினைத்துப் பார்.

அதற்குப் பிறகு அம்மா யார் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பவில்லை. நிறைத்தும் திருப்ப முடியாது. ஆனால் ஊரார் கொண்டு வருவதை நிறுத்துவார்களா, தெருத்தெருவாக அலைகிறாள், சமைக்க நேரம் இருக்காது என்று எள்ளிலை ஊறுகாய், சோயாவில் ஊறிய நண்டு, இளம் முள்ளங்கிக் கிம்ச்சி என்று வந்துகொண்டே இருந்தது. சமையல்கட்டு நிறைந்து, உன் அறையில் புத்தக அலமாரியிலும் பாத்திரம் ஏறிவிட்டது, மன்னித்துக்கொள். சந்தைக்குப் போனால் ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் பாத்திரக் கணக்குதான். "குக் யொங்சிம் வேட்பாளரே, உங்க கொள்கை எல்லாம் பிடிச்சிருக்கு, எங்க வீட்டுப் பெரிய சட்டி எப்போ வரும்?" என்று மீன்காரி கூவினாள். "ஜெயிச்சிட்டா நாலு வருஷம் குடுக்க முடியாதாமே, அப்ப தோத்துடு ராசாத்தி, என் மூடி போட்ட டப்பா உங்கிட்ட இருக்கு" என்றாள் ஒரு கிழவி. எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். ஆனால் பிரசார நாட்களில் டிரக் பெரியம்மாவின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தேர்தல் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்ப்பாள். நான் கவனிக்காதது போல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

மே மாத நடுவில் பின் ஜாங்சொப் மறுபடி வந்தார், இந்த முறை முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு. இரண்டு சுயேச்சைகள் நின்றால் ஓட்டுப் பிரியும், ஒருவர் விலகி மற்றவரை ஆதரிக்க வேண்டும், அனுபவம் உள்ளவர் நிற்பதுதான் முறை என்றார். அனுபவம் உள்ளவர் யார் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அம்மா பார்லி டீ ஊற்றப் போனாள். அதையாவது வாங்கிக் குடிக்கலாமா என்று அவரே யோசித்து, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார், உருளைக்கிழங்குக்குப் பிறகு மனிதர் தண்ணீருக்கும் பயப்படுகிறார். "தம்பி, எட்டு வருஷமா இங்க ஒரே ஒரு பேருதான், அதையும் அச்சடிக்கலை. இப்போ மூணு பேரு. அதை ரெண்டா ஆக்குறதுக்கு நான் மேல் ஊர்களுக்கு ஏறலை" என்றாள் அம்மா. அவர் எழுந்து, "அக்கா, நாம ரெண்டு பேரும் தோத்துடுவோம், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றாள். போகும்போது, சந்தை நாளில் ஒருவர் பேசும்போது மற்றவர் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கடைசி வரைக்கும் இருவருமே வார்த்தை தவறவில்லை, இத்தனை வருடத்தில் நான் பார்த்த தேர்தல் உடன்பாடுகளில் முழுதாக நிறைவேறியது இது ஒன்றுதான்.

பிரசாரம் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். வெங்காயக் காட்டு வரப்பில் நின்று அம்மா இடுப்பு மடியக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வேலை செய்கிற பெண்களில் ஒருத்தி, புனிம் பெரியம்மா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, காய்ச்சலாம், உடம்பு அசதி என்று படுத்திருக்கிறாராம் என்றாள். அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காட்டுல வேலை செஞ்சா? புல்லுல உட்கார்ந்தாளா?" என்பதுதான். நான் வண்டியைத் திருப்பினேன். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதும் இங்கே தடை என்பதால் வாசலில் இறங்கியதும் அம்மா தோளில் குறுக்காகப் போட்டிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றினாள், மேலே மாட்டியிருந்த வெள்ளைப் பிரசாரச் சட்டையைக் கழற்றினாள், தொப்பியையும் கழற்றி எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அந்த உடுப்புகளைச் சுமந்துகொண்டு தெருவில் நின்றேன். உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல், "வேட்பாளருங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னாங்களே?" என்றது. அதற்கு மேல் அம்மாவின் குரல்தான் கேட்டது, ஒலிபெருக்கியில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "முழங்காலைக் காட்டு. திரும்பிப் படு. ரெண்டு நாளா யாரையும் கூப்பிடாம செத்துப் போகலாம்னு இருந்தியா? கோபம்னா எங்கிட்ட இருக்கட்டும், ஆம்புலன்சுகிட்ட என்ன கோபம்?" முழங்காலுக்குப் பின்பக்கம் உண்ணி கடித்த தடம் இருந்தது. உண்ணிக் காய்ச்சல் இந்த வயதில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும், போன வருடம் மேல் ஊரில் ஒருவரை இழந்தோம். ஆம்புலன்ஸ் வந்து மொக்போ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கூடப் போகிறேன் என்று ஏறிய அம்மாவைப் பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, "உனக்கு வேலை கிடக்கு" என்று தள்ளிவிட்டார். அன்று டிரக்கில் உட்கார்ந்து வெறும் பாட்டை மட்டும் ஓடவிட்டோம்.

வேட்பாளர் ஒருவர் வாக்காளர் வீட்டுக்குள் போனார் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை, இந்த ஊரில் இனியும் வாழ வேண்டும். புகார் நிரூபணமானால் அம்மா விலக வேண்டி வருமோ, வழக்காகுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. பெரியம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியதும் அதே கண்ணாடி அதிகாரி ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருக்கிறார். கட்டிலுக்கு அருகில் இருந்த பெரியம்மாவின் மருமகள் எனக்கு அப்படியே சொன்னாள். வேட்பாளர் ஓட்டுக் கேட்டாரா என்றதற்கு, "கேக்கலை. கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன், எனக்கு அவமேல கோபம்" என்றாராம். ஏதாவது பொருள் கொடுத்தாரா என்றதற்கு, "கொடுத்தா. திட்டு. வயிறு நிறையக் கொடுத்தா. அது பொருள்ல சேருமாய்யா? சேரும்னா எழுதிக்கோங்க, அபராதம் நான் கட்டுறேன், முப்பது வருஷமா அவகிட்ட வாங்கினதுக்கும் சேர்த்து" என்றாராம். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். புகார் அத்தோடு முடிந்தது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குத் திரும்பினார், ஆள் பாதியாக இருந்தார். வாக்குப்பதிவு அன்று காலையில் தடி ஊன்றிக்கொண்டு, வாக்குச்சாவடி இருந்த ஊர் மண்டபத்துக்குக் கிளம்பினார். வாக்காளரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் எங்களுக்குத் தடை. நான் மதில் ஓரம் நின்று அதைச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும், நான் கேக்கலை" என்று நடந்தார். டிரக்கை அப்படியே விட்டுவிட்டு நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால் நடந்தோம், அவர் நின்ற இடத்தில் நின்றோம், அவர் நடந்தபோது நடந்தோம். பிடிக்க வேண்டும் என்று அம்மாவின் கை நீண்டு நீண்டு திரும்பியது. திரும்பிப் பார்க்காமலே, "கன்னுக்குட்டி மாதிரி பின்னாலயே வராதே, விழுந்தா நானே எந்திரிப்பேன்" என்றார் பெரியம்மா. வெளியே வந்தபோது யாருக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவராகவே, "மாகாணத்துக்கும் சீட்டு குடுத்தாங்க. மூணு பேரு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின் ஜாங்சொப் சொன்னதுதான் நடந்தது. கட்சிக்காரர் பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார், அம்மா நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி இரண்டாவது, அவர் மூன்றாவது. மேல் ஊர்கள் மூன்றிலும் அம்மாதான் முதலில் வந்தாள். ஜெயித்தவர் மறுநாளே சுகாதார நிலையத்துக்கு வந்து, மூடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யோசிக்கலாம் என்பது எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எட்டு வருடத்தில் அந்தப் பதவிக்காரர் மேல் ஊருக்கு ஏறியது இதுதான் முதல் தடவை. பாத்திரங்களைத் திருப்பலாமா என்று அம்மா அலுவலகத்தில் கேட்டாள். தோற்றவர்களும் நன்றி என்று எதுவும் கொடுக்கக் கூடாதாம். கொஞ்ச காலம் போகட்டும், இனி நிற்பதில்லை என்றால் நீங்களும் மற்றவர்களைப் போல ஊர்க்காரர்தான், முள்ளங்கியோ உருளைக்கிழங்கோ உங்கள் இஷ்டம், மறுபடி நிற்பதாக இருந்தால் இதே விதிதான் என்றிருக்கிறார்கள்.

இது பெரியம்மாவின் காதுக்கும் போயிற்று. முந்தாநாள் நம் வீட்டுக்கு வந்தார், பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. கையில் பழுத்த பிளம் நிறைந்த கிண்ணம், அதே நீல விளிம்பு போட்டது. சமையல்கட்டில் நின்று அடுக்கடுக்காக இருந்த பாத்திரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, மறுபடி நிப்பியா?" என்று கேட்டார். அம்மா துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். நிற்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் எல்லாக் கிண்ணமும் நிறைந்து அதனதன் வீட்டுக்குப் போயிருக்கும், முதலில் அந்தக் கிண்ணம்தான் போயிருக்கும், அது மூன்று பேருக்கும் தெரியும். பெரியம்மா பிளம் பழங்களை நம் கூடையில் கவிழ்த்தார், கிண்ணத்தைத் தானே கழுவினார், எட்டி மேல்தட்டில் மற்றவற்றின் பின்னால் உள்ளே தள்ளி வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். சந்தையில புதுசு வித்துக்கிட்டுத்தானே இருக்கான்" என்றார். அம்மா "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தாள், குரல் எழும்பவில்லை. "தொண்டையைக் கெடுத்துக்காதே, நாலு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு போனார் பெரியம்மா.

அம்மா இன்னும் நிற்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீ அதைக் கேட்காதே, தொண்டைக்குத் தேன் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேள். உன் பல்வலியைத் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டு. நீ எங்கே இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாக் ஜொங்க்யூ